விலைக்கு வந்த வீட்டில் மாதா

ஆறாவது மணியா ஏழாவது மணியா என்று அமலோற்பவத்துக்குத் தெரியவில்லை. விரல் ஒரு மணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வாய் அதுபாட்டுக்கு ஜெபத்தைச் சொல்லிக்கொண்டு போகிறது. பாதி வரைக்கும் அவள் சொல்லி நிறுத்துவாள், கூடத்தில் பாய்மேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் மீதிப் பாதியை வாங்கி முடித்து அவளிடமே திருப்பிக் கொடுப்பார்கள், மறுபடி அவள், மறுபடி அவர்கள், தூளி ஆட்டுகிற மாதிரி. தூளியில் கிடந்தால் தூக்கம் வராமல் என்ன செய்யும். மே மாதத்துச் சாயங்காலம், வெயில் இறங்கிவிட்டது, ஆனால் சுவருக்கு அது இன்னும் தெரியவில்லை, முதுகை வைத்தால் தோசைக்கல்லாகச் சுடுகிறது. மேலே காத்தாடி மல்லிகைப்பூ வாசனையையும் மெழுகுவத்தி வாசனையையும் வியர்வையையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிக்கொண்டிருக்கிறது. நீலப் புடவை விரித்த மேஜையின் மேல் மாதா நிற்கிறாள். சீரியல் பல்பு பச்சையும் சிவப்புமாக மாதாவின் முகத்தில் வந்து வந்து போகிறது, பச்சையில் சின்னப் பெண் மாதிரி இருக்கிறாள், சிவப்பில் ஏதோ கேட்க வந்தவள் மாதிரி இருக்கிறாள். மே மாசம் முழுக்க அந்தத் தெருக்காரர்களுக்கு இதுதான். ஒரு நாளைக்கு ஒரு வீடு. நேற்று மாதா இருந்த வீட்டிலிருந்து பாட்டோடு தூக்கி வருவார்கள், ஜெபமாலை சொல்வார்கள், சுண்டல் தின்பார்கள், மாதா ராத்தங்கிவிட்டு மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். வாடகை இல்லை, அட்வான்ஸ் இல்லை, எந்த வீட்டுக்காரரும் மாதாவைப் பார்த்து, நீங்க எத்தனை பேரும்மா, கூட இருக்கிறது யாரு என்று கேட்டதில்லை. ஜெபத்துக்கு நடுவில் இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது. மன்னிச்சுக்கோ தாயே என்று உள்ளுக்குள்ளே சொல்லிவிட்டு மணியை ஒன்று தள்ளினாள். ஏழு என்று வைத்துக்கொள்வோம்.

வீடு அவளுடையது இல்லை. ஆவடிக்கு அந்தப் பக்கம், ரயில்வே கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் லீலா ஃபிளாட்ஸ், அதில் இரண்டாவது மாடி, பதினோரு வருஷமாக வாடகைக்கு இருக்கிறாள். வீட்டுக்காரர் ஓசூரில் இருக்கிறார், நல்ல மனுஷன், கிறிஸ்துமஸ் அன்றைக்கு மறக்காமல் போன் பண்ணுவார். இந்த வருஷம் பங்குனியிலேயே போன் வந்துவிட்டது. "அந்தப் பக்கம் மெட்ரோ வரப்போகுதுன்னு பேசிக்கிறாங்கம்மா. இப்ப வித்தாத்தான் விலை. ஒண்ணும் நினைச்சுக்காதீங்க" என்றார். மெட்ரோவை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் அது வருகிறது என்கிற பேச்சு வந்துவிட்டது, பேச்சு வந்ததும் விலையும் வந்துவிட்டது, காலி மனையில் மேய்ந்த எருமைகூட அண்ணாந்து பார்க்கிற அளவுக்கு விளம்பரப் பலகைகள் வந்துவிட்டன. அதுக்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோறும் புரோக்கர் தணிகாசலம் யாரையாவது கூட்டிக்கொண்டு வருவான். அவர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் கக்கூசுக்குப் போய்த் தண்ணீர் இழுத்துவிட்டுப் பார்ப்பார்கள். சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், முலாம்பழம் வாங்குகிற மாதிரி. அவள் துணி மடித்து வைத்திருக்கிற அலமாரியை அவளைக் கேட்காமலே திறப்பார்கள். ஒரு அம்மாள் அமலோற்பவத்தின் தம்பி சின்னப்பனைப் பார்த்து, அவன் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்போதே, "இவரும் இங்கதான் இருக்காரா?" என்று தணிகாசலத்திடம் கேட்டாள், சுவரில் ஒரு கறையைக் காட்டிக் கேட்கிற மாதிரி. "அவங்க எல்லாம் காலி பண்ணிருவாங்க மேடம்" என்றான் தணிகாசலம். காலி. அந்தச் சொல் அன்றைக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்ததுதான், இன்னும் எழுந்திருக்கவில்லை. இதோ இந்தக் கூட்டத்துக்கு நடுவிலும் அதற்கென்று ஒரு பாய் போட்டிருக்கிறது.

எட்டு. இல்லை, எட்டைச் சொல்லியாகிவிட்டது. சின்னப்பன் எங்கே. கண்ணைத் திறக்காமல் காதாலேயே தேடினாள். வாசலில் செருப்பு நகர்கிற சத்தம் கேட்டது, சரி, இருக்கிறான். வருகிறவர்கள் கழற்றிப் போடுகிற செருப்பையெல்லாம் ஜோடி ஜோடியாக அடுக்கி வைப்பது அவன் வேலை, யாரும் சொன்னதில்லை, அவனே எடுத்துக்கொண்ட வேலை. அவளுக்குப் பத்து வயது இளையவன், நாற்பதைத் தாண்டிவிட்டான், தலையில் நரை வந்துவிட்டது, பேச்சு மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பேச்சாகவே நின்றுபோய்விட்டது. அம்மா சாகும்போது கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். கல்யாணம் ஆனபோது அவள் புருஷன் சவரிமுத்துவுக்குச் சீர்வரிசையோடு சேர்த்து அவனும் வந்தான், மனுஷன் இந்த நாள் வரைக்கும் முகம் சுளித்ததில்லை. கொரட்டூரில் இருந்தவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அந்த வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம் என்று சொன்னார்கள், இங்கே வந்தார்கள். வந்த ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, கடைக்குப் போகிறேன் என்று கிளம்பினவன் வரவில்லை. பழைய வீட்டைத் தேடிக்கொண்டு போயிருக்கிறான். ரயில் ஏறினால் வீடு வரும் என்று யாரிடமோ கேட்டு ஏறியிருக்கிறான், கொரட்டூருக்கு எதிர்த்திசையில். இரண்டு ராத்திரி. அரக்கோணம் ஸ்டேஷனில் பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தான். போலீஸ்காரர் கூப்பிட்டு இவள் ஓடிப்போனபோது அவன் அழவில்லை, "அக்கா, நம்ம வீட்டை எங்கயோ எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றான். அந்த இரண்டு ராத்திரியை அவள் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. அதற்கப்புறம் ஒரு வருஷம் வெளியே போகும்போது அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போனாள். பூட்டுக்கு உள்ளேயிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். தெருவில் போகிறவர்களைப் பார்த்துக் கையை ஆட்டுவான். முதலில் பிள்ளைகள் ஆட்டினார்கள், அப்புறம் இஸ்திரி வண்டிக்காரர் ஆட்டினார், அப்புறம் ஆட்டோ ஸ்டாண்டே ஆட்டியது. ஒரு நாள் பூட்டைத் திறந்துவிட்டாள். பால் வாங்கிக்கொண்டு வந்தான். அவ்வளவுதான், ஒரு மனுஷன் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வந்தான், அவள் சமையலறையில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

இப்போது மறுபடி வேறு தெரு, வேறு கதவு, மறுபடி பூட்டு. அதுதான். வீடு என்றால் அவளுக்கு என்ன, நாலு சுவர், எங்கே போனாலும் அடுப்பு எரியும். அவனுக்கு அப்படி இல்லை. இதே தெருவில் வேறு வீடு பார்க்கலாம் என்று சவரிமுத்துவும் அவளும் ஏறி இறங்காத படி இல்லை. வாடகை கேட்டால் தலை சுற்றுகிறது, சரி, சுற்றட்டும் என்று ஒத்துக்கொண்டால், "கூட இருக்கிறது யாரு?" என்பார்கள். சின்னப்பனைப் பார்த்ததும் அவர்களுக்கு ஒரு மச்சான் ஞாபகம் வந்துவிடும், மச்சானுக்கே வீடு கொடுத்துவிட்டோமே என்பார்கள். இத்தனை மச்சான்கள் இந்த ஊரில் இருப்பது அவளுக்குத் தெரியாது. அதனால்தான் தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து நடத்துகிற அன்பியத்துக்குத் தலைவி ரோசலின் அக்கா நேற்று வந்து யோசனை சொன்னாள். ரோசலின் அக்காவுக்குத் தொண்டை பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு, கண்ணில் மட்டும் கொஞ்சம் புரை. "வாங்க வர்றவன் வீட்டைப் பாத்து வாங்குறதில்லடி, தண்ணியைப் பாத்துத்தான் வாங்குறான். தண்ணி உப்புன்னு சொல்லிரு. குளிச்சா முடி கொட்டுதுன்னு சொல்லு. மழைக்கு ஒழுகுதுன்னு சொல்லு." சவரிமுத்து பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "பேய் இருக்குன்னும் சொல்லலாம் அக்கா, அதுக்கு ஆதாரம்கூட வீட்டுலயே இருக்கு" என்று அமலோற்பவத்தைப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். தணிகாசலம் நாளைக்குச் சாயங்காலம் ஒரு பார்ட்டியைக் கூட்டிவருகிறான். நாளைக்கு மாதா அடுத்த வீட்டுக்குப் போயிருப்பாள், அதனால் மாதா முன்னால் பொய் சொன்ன பாவமும் இல்லை. உப்பு என்று ஒரு வார்த்தை. தண்ணி உப்புங்க. ராத்திரி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், நாக்கில் ஏறவில்லை. ஏன் என்றால் அந்தத் தண்ணீர் இளநீர் மாதிரி. கோடையில் லாரி வராத நாளில் தெருவே இந்த ஃபிளாட்ஸ் போரைத்தான் நம்பியிருக்கிறது. சாயங்காலம் குடம் வரிசையாக வரும், சின்னப்பன்தான் ஹோஸைப் பிடித்து நிரப்புவான். யார் குடம் எது என்று அவனுக்குத் தெரியும். முறை தப்பி முன்னால் வந்தால் மேஸ்திரி சம்சாரமாக இருந்தாலும் விடமாட்டான், "போங்க அத்தை, பின்னாடி போங்க" என்பான். கீழ்வீட்டு பர்வீன் நோன்பு நாளில் களைத்து வந்தால் மட்டும் அவனாகவே முதலில் நிரப்பிவிடுவான். அப்படித்தான் தெருவுக்கு அவனைத் தெரியும், தெரு அவனுக்குத் தெரிந்தது. அந்தத் தண்ணீரைப் போய் உப்பு என்று சொல்வதா. நாக்கு எப்படி ஏறும்.

யாரோ இருமினார்கள். அமலோற்பவம் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். பத்தாவது மணியோடு நிறுத்தியிருக்க வேண்டும், பதினொன்றோ பன்னிரண்டோ போய்க்கொண்டிருக்கிறது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவள் கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள், பாவம், கால் மரத்துப்போயிருக்கும். சவரிமுத்து மட்டும் புருவத்தைத் தூக்கிக் காட்டினார். அவசரமாக முடித்து அடுத்த பத்து மணிகளைச் சொல்லச் சொல்லி ரோசலின் அக்காவிடம் ஜாடை காட்டினாள். அப்போதுதான் வாசலில் பார்த்தாள். தணிகாசலத்தின் கோடுபோட்ட சட்டை. நாளைக்கு என்றானே. அவனுக்குப் பின்னால் ஒரு பெண், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பையன், புருஷனாக இருக்க வேண்டும். சின்னப்பன் அவர்களிடம் ஏதோ கேட்டான், அந்தப் பெண் குனிந்து ஏதோ சொன்னாள், அவன் தலையை ஆட்டிக்கொண்டு அவர்கள் செருப்பை வாங்கி அடுக்கினான். பிறகு கையைப் பிடித்துக் கூட்டிவந்து கடைசிப் பாயில், சுவரோரமாக, உட்கார வைத்துவிட்டான். தணிகாசலம் படிக்கட்டிலேயே நின்றுகொண்டு அவளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான், கூட்டம் இருந்தா நல்லதுதான், ராசியான வீடுன்னு நினைப்பாங்க என்று அந்தக் கும்பிடே சொன்னது. எழுந்து போக முடியாது. ஜெபத்துக்கு நடுவில் வீட்டுக்காரி எழுந்தால் நன்றாக இருக்காது. சுண்டலில் தேங்காய் போட்டோமா. போட்டோம். அந்தப் பெண் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறாள். பார், நல்லாப் பார், அந்த மூலையில் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது, ஒழுகி நின்றது, பார்த்தாயா. பார்க்கவில்லை. அவள் பார்வை ஜன்னலுக்குப் போய்விட்டது, ஜன்னலிலிருந்து மாதாவுக்கு, மாதாவிலிருந்து முன்னால் உட்கார்ந்திருக்கிற குழந்தையின் பின்னலுக்கு. தோள் மெதுவாக இறங்கியது. கைப்பையை மடியில் வைத்தாள். கண்ணை மூடினாள். இத்தனை வெக்கையில், தெரியாத வீட்டில், தெரியாத ஜெபத்தில், அந்தப் பெண்ணுக்கு எப்படித் தூக்கம் வருகிறது. எத்தனை வீடு ஏறி இறங்கினாளோ. அந்தக் களைப்பு அமலோற்பவத்துக்குத் தெரியும், முழங்காலில் இருக்கும் அது. வேண்டாம், அவளைப் பற்றி நினைக்கக் கூடாது. தாயே, இந்தப் பெண்ணுக்கு இந்த வீடு பிடிக்காமல் போகட்டும். அருவருப்பாக இருக்கட்டும். பச்சையில் மாதா சின்னப் பெண். சிவப்பில் மாதா ஏதோ கேட்கிறாள். ரோசலின் அக்காவின் குரல் கூடத்தை நிறைத்து ஜன்னல் வழியாக வழிந்து தெருவுக்குப் போகிறது, எல்லாரும் அதில் மிதக்கிறார்கள், பாய், பூ, மேஜை, அந்தப் பெண், எல்லாம் தண்ணீர்மேல் நிற்கிற மாதிரி இருக்கிறது, வீடே கயிறு அவிழ்ந்து எங்கோ நகருகிற மாதிரி, யார் வீடு, யார் விற்கிறார்கள், யாருக்கு.

கடைசியில் மன்றாட்டு. அவரவர் குறையை அவரவர் வாய்விட்டுச் சொல்லலாம், சொல்லி முடித்ததும் எல்லாரும் "கேட்டருளும்" என்று சேர்ந்து சொல்ல வேண்டும். ஒருத்தி மகனுக்கு வேலை கேட்டாள், கேட்டருளும். ஒருவர் சர்க்கரை குறைய வேண்டும் என்றார், கேட்டருளும். கடைசிப் பாயிலிருந்து அந்தப் பெண்ணும் புருஷனும்கூட, மரியாதைக்கு, எல்லாரோடும் சேர்ந்து சொல்கிறார்கள். அடுத்த முறை யாருடையது என்று அமலோற்பவத்துக்குத் தெரியும். ரோசலின் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு வாசலும் தெரியாது, வந்தவர்களும் தெரியாது. அக்கா, வேண்டாம் அக்கா. கையை நீட்டி முந்தானையை இழுக்கலாம், எட்டவில்லை. ரோசலின் அக்கா தொண்டையைச் செருமிவிட்டுத் தொடங்கினாள். "இந்த வீட்டை விலைக்கு வாங்க வருகிறவர்களுக்காக மன்றாடுவோம். அம்மா, அவர்களுக்கு இந்த வீடு கொஞ்சமும் பிடிக்காமல் போகவும், தண்ணீர் உப்பு என்று நம்பவும், வேறு எங்கேயாவது நல்ல வீடாகப் பார்த்து அங்கேயே தங்கிவிடவும், எங்கள் சின்னப்பன் இந்தத் தெருவை விட்டு எங்கேயும் போகாமல் எங்களோடேயே இருக்கவும், அம்மா, உம்மை மன்றாடுகிறோம்." கூடமே ஒரே குரலில், மற்ற எதற்கும் சொல்லாத பலத்தோடு, "கேட்டருளும்" என்றது. அந்தப் பெண்ணும் சொன்னாள். புருஷனும் சொன்னான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும், வாய் பாதி திறந்தபடியே நின்றது. படிக்கட்டில் தணிகாசலம் இருமினான். அதோடு முடிந்திருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். சின்னப்பன் செருப்புகளுக்கு நடுவிலிருந்து எழுந்து நின்றான். ஒவ்வொரு வீட்டிலும் கடைசியாக அவன் ஒன்று சொல்வான், புதிதாக வந்தவர் யாராவது இருந்தால் அவர்களுக்காக, அது அவன் வழக்கம். "பின்னாடி ஒரு அக்கா உக்காந்திருக்காங்க. வீடு தேடுறாங்களாம். ரெண்டு வருஷமா தேடுறாங்களாம். எங்கிட்ட சொன்னாங்க. அவங்களுக்கு வீடு கிடைக்கணும்" என்றான். அப்புறம் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ரோசலின் அக்காவும் திரும்பினாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள், கையிலிருந்த மாலை மடியில் நழுவியது. யாரும் வாயைத் திறக்கவில்லை. சின்னப்பன் எல்லார் முகத்தையும் பார்த்தான், ஏன் பதில் வரவில்லை என்று அவனுக்குப் புரியவில்லை. அவன் அப்படி நிற்பதை அமலோற்பவத்தால் தாங்க முடியவில்லை. "கேட்டருளும்" என்றாள். அவள் குரல் அவளுக்கே யாருடைய குரலோ மாதிரி கேட்டது. பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் சொன்னார்கள், முன்னாலும் பின்னாலுமாக, சந்தைக் கடைச் சத்தம் மாதிரி.

சுண்டல் தட்டு போனது, நன்னாரி சர்பத் போனது. அந்தப் பெண்ணின் பேர் சுகந்தி. வில்லிவாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள், ஆடிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம். "நாங்க ஒரு வீட்டைப் பாத்து யோசிச்சிட்டு வர்றதுக்குள்ள விலை ஏறிடுதுங்க, நாங்க நடந்து போறோம், அது பைக்ல போகுது" என்றாள். தணிகாசலம் உள்ளே வந்து, "மேடம், கிழக்குப் பாத்த வாசல், கிராஸ் வெண்டிலேஷன்" என்று தொடங்கினான். "சுண்டலைத் தின்னுடா முதல்ல" என்று ரோசலின் அக்கா அவன் வாயை அடைத்தாள். சுகந்தி சமையலறை வாசலில் நின்று, குழாயைத் திறக்கவில்லை, சுவரைத் தட்டவில்லை, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தண்ணி எப்படிங்க இங்க?"

கூடத்தில் சுண்டல் மெல்லுகிற சத்தம் நின்றுபோனது. அமலோற்பவம் ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தை வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது, வெளியே வரவில்லை. மாதா இருக்கிறாள் என்பதற்காக மட்டும் இல்லை. இந்தப் பெண் கேட்கிற விதம் அப்படி. நாளைக்கு அவளே எங்கோ ஒரு வாசலில் நின்று இப்படித்தான் கேட்கப்போகிறாள்.

"நல்ல தண்ணிம்மா. தெருவே இங்கதான் பிடிக்கும்" என்றாள். "ஒழுகுறதும் இல்ல. ஒரு தடவை ஒழுகிச்சு, சரி பண்ணியாச்சு."

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார், சிரிக்கிறாரா என்ன என்று தெரியவில்லை. சுகந்தி வேறு ஒன்றும் கேட்கவில்லை. போய்ட்டு வர்றோங்க என்றாள். சின்னப்பன் அதற்குள் அவர்கள் செருப்பை எடுத்துத் திருப்பி வைத்துவிட்டான். விருந்தாளி யார் வந்தாலும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விடுவான், அதுவும் யாரும் சொல்லாத வேலை. மூன்று பேரும் படியிறங்கினார்கள், தணிகாசலம் வண்டியை உதைத்துக்கொண்டு வேறு பக்கம் போனான்.

கூட்டம் கலைந்தது. ரோசலின் அக்கா மட்டும் போகாமல் பாயைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "எனக்கு என்னடி தெரியும், முதுகிலயா கண்ணு இருக்கு" என்றாள். "பரவால்ல அக்கா" என்றார் சவரிமுத்து. "வக்கீல்னா நீங்கதான். எதிர்க்கட்சிக்காரங்க வாயாலயே ஆமான்னு சொல்ல வெச்சுட்டீங்க." அமலோற்பவம் பால்கனியில் நின்றாள். தெருவின் கடைசியில் திரும்பினால் மெயின் ரோடு, அங்கிருந்து பஸ் ஸ்டாப் தெரியாது. பஸ்ஸின் சத்தம் மட்டும் வரும். ஒன்று வந்தது, நின்றது, போனது. சரி, ஏற்றிவிட்டிருப்பான், இப்போது திரும்புவான். திரும்பவில்லை. இன்னொன்று வந்து போனது. பால் அடுப்பில் இருக்கிறது, யாராவது பார்ப்பார்கள். மூன்றாவதும் போனது. அரக்கோணம் என்று மனசு சொன்னது, சும்மா இரு என்றாள், பெஞ்சுக்கு அடியில் என்று மனசு சொன்னது. வீடு தேடுறாங்களாம் என்று சொன்னானே, அவர்களோடு சேர்ந்து வீடு தேடப் போயிருந்தால். பஸ்ஸில் ஏறு என்று யாராவது சொன்னால் ஏறிவிடுவான். கீழே ஓடினாள், செருப்பு போடவில்லை, படி சுட்டது, கடைசிப் படிக்கு வந்து கேட்டைத் திறந்தபோது அவன் எதிரே வந்துகொண்டிருந்தான், கையை வீசிக்கொண்டு, ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஒரு சலாம் வைத்துக்கொண்டு.

"என்னடா இவ்வளவு நேரம்?"

"அந்த அக்கா கேட்டாங்க, இங்க உனக்கு யாரையெல்லாம் தெரியும்னு. சொன்னேன். பஸ் வந்துச்சு, போகட்டும் நீ சொல்லுன்னாங்க. அடுத்ததும் வந்துச்சு. அந்த சார் ஏறலாம்னாரு, அக்கா ஏறல. அப்புறம் வந்ததுல ஏறிட்டாங்க. இன்னும் முடியலக்கான்னு சொன்னேன். மிச்சத்த வந்து கேட்டுக்கிறேன்னாங்க."

வந்து. எப்படி வந்து. சாவியை வாங்கிக்கொண்டு வந்தா, சும்மா ஒரு நாள் வந்தா. அந்தப் பெண் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து புருஷனிடம் இப்போது என்ன சொல்லிக்கொண்டு போகிறாள். வேண்டாங்க என்கிறாளா, பாவங்க ஆனா நமக்கும் வேணுமே என்கிறாளா. அமலோற்பவம் அவன் முகத்தைப் பார்த்தாள், அதில் அந்தக் கேள்வியே இல்லை. கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டு விரலை மடக்கிக்கொண்டிருந்தான். "யாரை விட்டுட்டேன்னு சொல்லுக்கா" என்றான்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். படி இன்னும் சூடாகத்தான் இருந்தது.

"மருந்துக்கடை பாய்?"

"சொன்னேன்."

"கேட்மேன்?"

"ரெண்டு கேட்மேனும் சொன்னேன்."

"இஸ்திரிக்காரர் வீட்டுக்கு இப்ப மருமக வந்திருக்கே, அந்தப் பொண்ணு?"

யோசித்தான். "அவங்களை விட்டுட்டேன்" என்றான். "அவங்க பேரு என்னக்கா?"

அவளுக்கும் தெரியவில்லை.

"நாளைக்குக் காலையில போய்க் கேட்டு வெச்சுக்கிறேன்" என்றான் சின்னப்பன்.

"சரி, கேட்டு வை" என்றாள் அவள்.